ழ இருந்த விசை

கட்டபெட்டு இலை சேகரிப்பு நிலையத்தில்
ஒரே கணினி. வயது பதினேழு.
முப்பத்திரண்டு பிட் பெட்டிகளை
இனிச் சுமப்பதற்கில்லை என்று
அதில் ஓடிய லினக்ஸ் எப்போதோ சொல்லிவிட்டது.
நான்தான் காது கேட்காதவள் போல
வருடங்களை ஓட்டினேன்.

போன செவ்வாய்க்கிழமை பிரின்டர்
விவசாயியின் பெயரை மட்டும் அடித்துவிட்டு
எடைக்கு முன்னால் நின்றுகொண்டது.

"புதுசு வாங்கச் சொல்லும்மா முதலாளிய"
என்றார் குன்னூர் சதக்கத்துல்லா.
பச்சை இலை கிலோ என்ன போகிறதென்று
அவருக்குத் தெரியாதா.

டெபியனில் பழைய பெட்டிக்கு
இன்னும் கதவு திறந்திருந்தது.
அதுவும் இந்தப் பதிப்போடு சரி என்று
பொடி எழுத்தில்.
போதும். ஒரு பதிப்பு என்பது
சில அறுவடைக் காலம்.

சிக்னல் வருவது வளைவு பார்த்த ஜன்னலில் மட்டும்.
போனை பாலித்தீனில் சுற்றி
ராத்திரி முழுக்க அங்கே நிறுத்திவைத்தேன்.
விடிகையில் கண்ணாடி முழுக்க நீர்.
உள்ளே ஒரு முழு இயங்குதளம்,
காசு கேட்காமல், யாரென்று கேட்காமல்
வந்து இறங்கியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை. லாரி கிடையாது.
கதவுக்கடியில் மூடுபனி நுழைந்து
தராசுத் தட்டில் ஏறி உட்கார்ந்தது.
எடை காட்டவில்லை.

திரை கேட்டது:
வேரை அழிக்கவா?
அழி.
இல்லத்தை?
அழிக்காதே.
குளிரில் தடித்த விரலை நம்பாமல்
மூன்று தரம் சரிபார்த்தேன்.

இல்லம் என்ற அந்த அடைவில் இருப்பவை
எழுநூற்றுப் பன்னிரண்டு பேரின் இலைக் கணக்கு,
கிரேசி கல்யாணப் போட்டோக்கள்
(அழிக்கச் சொல்லி அவளே இரண்டு முறை கேட்டாள்),
'அப்பா கார்டு கடைசி 2' என்றொரு ஸ்கேன்.
மண்டபம் முகாமில் கொடுத்த குடும்ப அட்டை.
இரண்டு அரசாங்கங்கள் கையெழுத்துப் போட்டு
அவரைப் பெயர்த்து இங்கே நிறுவின.
எதை அழிக்க, எதை விட்டுவைக்க என்று
அவருக்கு ஒரு திரையும் காட்டவில்லை.

சரி, அதற்கு இப்போது நேரமில்லை.
அறுபத்துமூன்று சதவீதத்தில் கரண்ட் போனது.
யுபிஎஸ் கத்தத் தொடங்கியது.
அதன் பேட்டரிக்குப் பதினோரு நிமிஷ ஆயுள்.
நான் மின்விளக்கில்லாத அறையில்
ஒரு நீலப் பட்டை நகர்வதைப் பார்த்தபடி
மூச்சைக் கூடச் சிக்கனமாக விட்டேன்.

ஒன்பதாவது நிமிஷம் எழுந்தது.
கடவுச்சொல் கேட்டது. அடித்தேன்.
நட்சத்திரம்கூட விழவில்லை,
குருடியின் கையில் சாவி போல.
திறந்தது.

பிரின்டர் வந்தது. தராசு வந்தது.
தமிழ் மட்டும் வரவில்லை.
ழ விசையை அழுத்தினால்
ஒரு சாய்கோடு விழுந்தது.
மறுபடி அழுத்தினேன், மறுபடி சாய்கோடு,
மலைச்சரிவு மாதிரி.
இந்த உலகத்தில் அந்தச் சாய்கோட்டுக்குப் பெயர்தான்
வேர். எல்லா அடைவும் அதிலிருந்துதான்.
தேய்ந்து வழுக்கையான ஒரே விசையில்
இத்தனை நாள் இரண்டும் குடியிருந்தது
எனக்குத் தெரியாது.

விசைப்பலகைப் பொதியை நிறுவ
இன்னொரு மணிநேரம்.
முதலில் 'மழை' என்று அடித்துப் பார்த்தேன்.
வெளியே ஏற்கெனவே பெய்துகொண்டிருந்தது.

திங்கள், முதல் ரசீது,
ஒரசோலை மாதியக்கா, முப்பத்தெட்டு கிலோ.
ஈரக் கழிவு பத்து சதவீதம்.
மூன்று கிலோ எண்ணூறு போக மீதி.
ழ பிசகாமல் அச்சாகியிருந்தது.

ரசீதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.
"எல்லாம் மாத்திட்டேன்னு சொன்னே?"
"மாத்திட்டேன்கா."
"கழிவு மட்டும் அப்படியே இருக்கு?"

அந்தக் கணக்கு இல்லத்தில் இருந்தது.
அழிக்காதே என்று சொன்னது நான்தான்,
மூன்று தரம் சரிபார்த்து.